போர்டின் வெட்டிய ஓரம்

பெட்டி சிறியது, போர்டு பெரியது. பிரச்சினை அவ்வளவுதான். இதைச் சொன்னதும் எல்லாரும் ஒரே மாதிரி, "பெரிய பெட்டி ஒன்னு வாங்கு" என்றார்கள். அது தெரியாமலா ஒரு வாரம் ரம்பமும் அரமுமாக உட்கார்ந்திருந்தேன்?

என் அக்கா லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தனியாக இருக்கிறாள். அத்தான் தவறிப்போய் ஆறு வருஷமாகிறது. செவ்வந்தியும் தக்காளியும் போட்ட ஒரு கொல்லை, அதன் ஓரத்தில் பலகை வீடு, வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. அத்தான் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு வருஷம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வந்தபோது அக்காவின் சமையலறைச் சுவர் போனது, பாத்திரங்கள் போயின, அவளும் அத்தானும் இடுப்பளவுச் சேற்றில் நடந்து ரோட்டுக்கு ஏறினார்கள். சுவரைத் திரும்பக் கட்டியாகிவிட்டது. அக்காவின் தூக்கம் திரும்பவில்லை. மழை விழுந்தால் படுக்க மாட்டாள். பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கையில் டார்ச்லைட்டோடு ஓடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேமரன் மலையில் மழை விழாத நாளை எண்ணிவிடலாம். அப்படியானால் அவள் தூங்கிய நாளையும் எண்ணிவிடலாம்.

பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கிற அணைக்கு, தண்ணீர் திறந்தால் ஊத ஒரு சங்கு உண்டு. அது அணைக்கு. வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கு எவனும் சங்கு வைக்க மாட்டான்.

போன வருஷம் ஆயுத பூசைக்கு இரண்டு மாதம் முன்னால், பிளாஸ்டிக் கூரை போட்ட செவ்வந்திக் கூடாரத்தில் நின்றபடியே கண் அசந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஈப்போவில் இருக்கும் மகன் வந்தான். நல்ல பையன்தான், முப்பத்தைந்து வயது, ஆனால் எதையும் முடிவு செய்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பான்.

"அம்மா இங்க இருந்தது போதும், சின்னம்மா. ஃபிளாட்டுக்கு கூட்டிட்டுப் போயிடறேன். ஆயுத பூசைக்கு லோரியோட வர்றேன்."

"அஞ்சாவது மாடியில நான் என்னடா செய்வேன்? மண்ணு இல்ல, செடி இல்ல, சண்ட போடக்கூட ஆளு இல்ல. லிஃப்டுதான் இருக்கு. அதோட பேசவா?" என்றாள் அக்கா.

"இங்க யாரோட பேசறீங்க? ஓடையோடதான?"

நான் நடுவில் புகுந்தேன். "அவ தூங்கினா விட்டுருவியா?"

"தூங்கிட்டா நான் ஏன் கூட்டிட்டுப் போறேன்? ஆனா எப்படித் தூங்குவாங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பதினொரு வருஷம் ஈப்போவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்தவள் நான். தேயிலை எஸ்டேட்டுக்கு வாழ வந்த பிறகு இங்குள்ள ஃபேக்டரியில் தேயிலைத் தூளோடுதான் பொழுது போகிறது. ஆனால் ஈயத்தை உருக்கி வைத்து வயரை ஒட்டும் கை மறக்கவில்லை. லயத்து வரிசை வீடுகளில் யார் வீட்டு ரேடியோவின் வயர் விட்டுப்போனாலும் என்னிடம்தான் வரும். ஆம்பளைகள் தாங்களே கொண்டுவர மாட்டார்கள். பெண்டாட்டியிடம் கொடுத்தனுப்புவார்கள். அது வேறு கதை, அதைப் பேசினால் வாய் கெட்டுவிடும்.

நீர்மட்ட அலாரம் கிட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். ஒரு பிளாஸ்டிக் பையில் வெறும் சர்க்யூட் போர்டு, உதிரியாகப் பொருள்கள், சீன மொழியில் ஒரு தாள், தனியாக ஒரு சின்ன சைரன். ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்தி முடித்தேன். வேலை சுலபம். இரண்டு வயர் முனையைத் தண்ணீர் தொட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்டு கசியும். அந்தக் கசிவைப் பிடித்து போர்டு சைரனை ஊதும். ஒரு தம்ளர் தண்ணீரில் முனைகளை விட்டேன். அலறியது. வாசற்படியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். எஸ்டேட் டிராக்டர் ஓட்டுகிறவர், சத்தத்துக்குப் பழகினவர், அவரே பதறிவிட்டார்.

"ஏ புள்ள! ஊதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லுலா!"

"வெள்ளம் சொல்லிட்டா வரும்?"

"வெள்ளத்தவிட நீதான் மோசம்."

போர்டு ரெடி. பெட்டி இல்லை. இந்த மலையில் எதையும் திறந்து வைக்க முடியாது. பனிமூட்டம் சாவித்துவாரம் வழியாகக்கூட உள்ளே வரும். உப்பு கட்டியாகும், தீப்பெட்டி நமுத்துப்போகும். செம்புத் தடம் ஓடுகிற போர்டை அப்படியே கம்பத்தில் கட்டினால் ஒரு மாதத்தில் பச்சை பூத்துவிடும். கம்போங் ராஜா டவுனில் உள்ள ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். இருந்தது இரும்புப் பெட்டி, துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது, மூடியில் ரப்பர் இல்லை. ரப்பர் வைத்தது வேண்டுமானால் சொல்லி வரவழைக்க இரண்டு வாரம் ஆகும் என்றான் கடைக்காரன். ஆயுத பூசைக்கு இருந்தது பத்து நாள். பிஸ்கட் டப்பா, சாப்பாட்டு டப்பா எல்லாம் பார்த்தேன். ஒன்றில் ஆவி கட்டியது, ஒன்று ஆணி அடித்ததும் கீறல் விட்டது.

கடைசியில் அக்காவின் செவ்வந்திக் கூடாரத்திலேயே கிடைத்தது. பூவுக்கு விளக்குப் போடும் டைமர் ஒன்று முன்பு இருந்தது. டைமர் செத்துவிட்டது, அது இருந்த சாம்பல்நிறப் பெட்டி மட்டும் கம்பத்தில் இருந்தது. மூடியில் ரப்பர், வயர் நுழையும் இடத்தில் திருகி இறுக்கும் மூக்கு. எத்தனையோ மழை பார்த்த பெட்டி. உள்ளே விரலை விட்டுத் தேய்த்தேன், ஈரமே இல்லை. இதுதான் என்று எடுத்து வந்தேன். வீட்டில் வைத்து அளந்தால் உள்ளே ஒன்பதரை சென்டிமீட்டர் நீளம். போர்டு பதினொன்று. அது போதாதென்று மூடி மூடுகிற உயரத்துக்கு மேல் ஒரு கப்பாசிட்டர் உருளை கோபுரம் மாதிரி நின்றது.

கிட் செய்கிறவனுக்குப் பெட்டியைப் பற்றி என்ன கவலை? அவனுக்கு மேசைமேல் வேலை செய்தால் போதும். விற்றாயிற்று, முடிந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பதினொரு வருஷம் ஃபேக்டரியில் இருந்தேனே தவிர எனக்கு சர்க்யூட் தெரியாது. எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நீளமான ஒரு லைன், லைன் முழுக்க மேசை, மேசைக்கு ஒரு பெண். என் மேசைக்கு வரும் போர்டில் இந்தப் பொருளின் கால் இந்த ஓட்டையில் போகும், ஈயம் வைக்க வேண்டும், தள்ள வேண்டும். முன் மேசைக்காரி செய்தது ஏன், அடுத்த மேசைக்காரி செய்யப்போவது என்ன என்று கேட்டால், "ஒன் வேலைய பாரு" என்பார்கள். பார்த்தேன். என் கையை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் போர்டு என்றால் எனக்கு என் மேசைதான்.

அதனால் வெட்டுவதற்கு முன் தடங்களை நானே படிக்க வேண்டியிருந்தது. போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பச்சைக்குள் செம்புத் தடங்கள் தேயிலைக் காட்டுப் பாதைகள் மாதிரி தெரிந்தன. எது எங்கிருந்து எங்கே போகிறது என்று தாளில் வரைந்தேன். ஒரு முனையில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு வயர் மாட்டும் திருகுக் கட்டையும், பச்சை விளக்கும், இரண்டு ஆணி ஓட்டையும் மட்டும்தான். அதை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை உள்தள்ளி நேராக ஈயம் வைத்துவிடலாம். ஆனால் ஒரு தடம் போர்டின் விளிம்பைச் சுற்றி வேலி மாதிரி ஓடியது. வெட்டினால் அதுவும் அறும். அது அறுந்தால் பாதி போர்டுக்குக் கரண்டு திரும்பி வர வழியில்லை. சரி, அறுந்த இடத்தைத் தாண்டி ஒரு வயர்ப் பாலம் போட்டுக்கொள்ளலாம். தாளில் சிவப்புப் பேனாவால் குறித்தேன்.

முதலில் பொருள்களைக் கழற்றினேன். பிறகு வாய்க்குத் துணி கட்டி, போர்டைத் தண்ணீரில் நனைத்து, ரம்பத்தால் அறுத்தேன். அந்தத் தூள் கண்ணாடி இழைத் தூள், நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"போர்டு வெட்டறியா, மீன் வெட்டறியா?"

"வாய மூடுங்க. தூள் பறக்குது."

"இப்பதான் சேத்து முடிச்ச, இப்பவே அறுக்கற. ஆம்பள செஞ்சா பைத்தியம்னு சொல்லுவ."

"பக்கத்துல டார்ச் புடிச்சா அறிவு கொறஞ்சிடாது. புடிங்க."

பிடித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வாய் பேசிக்கொண்டே கை நீட்டுகிறவர். ஓரத்தை அரத்தால் நேராக்கினேன். கப்பாசிட்டரைக் கழற்றி, காலுக்கு உறை போட்டு, போர்டின் மேலேயே படுக்கவைத்தேன். பச்சை விளக்கை இரண்டு வயரில் நீட்டி மூடியில் ஓட்டை போட்டு வெளியே தெரியவைத்தேன். அது எரிந்தால் அலாரம் உயிரோடு இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். வயர்ப் பாலம் போட்டேன். போர்டு பெட்டிக்குள் உட்கார்ந்தது. அசைத்தால் ஆடவில்லை. மூடி ரப்பரில் அழுந்தி மூடியது. அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன், அதை மறைக்கவில்லை.

அக்காவின் பின்வாசல் கம்பத்தில் பெட்டியையும் கூரைக்கடியில் சைரனையும் மாட்டி, வாசலுக்கு உள்ளே பேட்டரியை வைத்தோம். பெட்டியிலிருந்து ஒரு வயர் ஓடைக்கரையில் நட்ட குழாய் வரை போனது. குழாயில், கரையின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே, இரண்டு எவர்சில்வர் திருகாணி. தண்ணீர் அங்கே ஏறினால் அலறும். அதன் பிறகும் அக்கா ரோட்டுக்கு ஏற நேரம் இருக்கும். வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். பக்கத்துக் கொல்லையில் வேலை செய்யும் இரண்டு வங்காளதேசத்துப் பையன்கள் வேலிக்கு ஓடி வந்து பார்த்தார்கள். "பாகுஸ், மக்சிக்" என்று, பிரமாதம் அத்தை என்று, கட்டைவிரலைக் காட்டினார்கள்.

இரண்டு நாளில் மழை. மறுநாள் காலையில் அக்காவுக்கு போன் போட்டேன்.

"தூங்கினியா?"

"இல்லடி."

"ஏன்? பெட்டி வேல செய்யலியா?"

"செய்யுது. பச்ச லைட்டு எரியுது. அதத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

"அத எதுக்குக்கா பாக்கற?"

"அது தூங்கிடுச்சின்னா?"

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். முன்பு ஓடையைப் பார்த்தாள், இப்போது பெட்டியைப் பார்க்கிறாள். நாற்காலி மட்டும்தான் திரும்பியிருக்கிறது.

ஆயுத பூசை அன்று காலையில் நானும் வீட்டுக்காரரும் டிராக்டருக்குப் பொட்டு வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். வானம் வெளுத்துக் கிடந்தது, பொட்டு மழை இல்லை. பள்ளத்தாக்கில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. என் அலாரம். பெற்ற பிள்ளையின் அழுகை மாதிரி அடையாளம் தெரிந்தது.

ரோட்டோரத்தில் அக்கா நின்றிருந்தாள். பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவை, ஒரு கையில் மருந்தும் ஐசி அடையாள அட்டையும் இருக்கிற பை. அந்த வங்காளதேசத்துப் பையன்களில் ஒருவன் அவள் முழங்கையைப் பிடித்திருந்தான். இன்னொருவன் அவளுடைய அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆயேர் நாய்க்! ஆயேர் நாய்க்!" என்று, தண்ணீர் ஏறுகிறது என்று, போகிற கார்களை எல்லாம் கையாட்டி நிறுத்திக்கொண்டிருந்தான். அவன் நிறுத்திய கார்களில் ஒன்று அக்கா மகனுடையது. பூசை நாளில் லோரி கிடைக்கவில்லையாம், மனைவியோடு காரில்தான் வந்திருந்தான். இறங்கி ஓடையைப் பார்த்தான். கணுக்கால் அளவுத் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது.

"இதுதானா சின்னம்மா உங்க அலாரம்? வெயில்லயே வெள்ளம்னு கத்துது."

நான் கரைக்கு இறங்கினேன். குழாயைப் பார்த்ததும் ரத்தம் தலைக்கேறியது. இரண்டு திருகாணியையும் சேர்த்து, அழகாக, வட்டமாக, ஈரச் சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

"அக்கா! இது யாரு வேல?"

"நான்தான் வெச்சேன். மண்வெட்டிக்கி வெச்சேன், மருந்தடிக்கிற தொட்டிக்கி வெச்சேன், இதுக்கு வெக்காம விட்டா நல்லாவா இருக்கும்? இதுதான எனக்குக் காவல்? வெச்சுட்டுத் திரும்பினதுமே கத்துச்சு, ஓடையக்கூட பாக்காம ஓடி வந்துட்டேன்."

"ஈரம் பட்டா கத்தும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! சந்தனத்துல தண்ணிதானக்கா இருக்கு! ஒன்னால என் மானமே போச்சு!"

பையன்கள், மகன், மருமகள், என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் முன்னால் கத்தினேன். அக்கா கரைக்கு இறங்கி வந்தாள். முந்தானையால் அந்தப் பொட்டை அவளே துடைத்தாள். நன்றாக, வறவறவென்று துடைத்தாள்.

அலாரம் நிற்கவில்லை.

துணியால் இன்னொரு முறை நான் துடைத்தேன். நிற்கவில்லை. குழாய்க்குப் போகும் வயரையே பெட்டிக்குப் பக்கத்தில் வெட்டிவிட்டேன். இனிமேல் ஓடைக்கும் பெட்டிக்கும் தொடர்பே இல்லை. அப்போதும் அலறியது. அப்படியானால் குற்றம் ஓடைக்கரையில் இல்லை, சந்தனத்திலும் இல்லை. பெட்டிக்குள் இருக்கிறது.

மூடியைத் திறந்தேன். அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர். பூசைக்கு மண்வெட்டியைக் கழுவின மாதிரி அக்கா பெட்டியையும் குழாயடி ஹோஸால் கழுவியிருக்கிறாள். அந்தப் பெட்டியின் மூக்கு தடித்த வயருக்குச் செய்தது. என் வயர் மெல்லிசு. நான் டேப் சுற்றி இறுக்கியிருந்தேன், அதன் வழியாக இறங்கியிருக்கிறது. ஆனால் அந்தச் சொட்டுத் தண்ணீர் போர்டில் எங்கே பட்டு அலாரத்தைக் கிளப்பியது?

போர்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நான் வெட்டிய ஓரத்தில் ஒரு நீர்த்துளி ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே அறுபட்ட இரண்டு செம்புத் தடங்களின் முனை பளபளவென்று வெளியே தெரிந்தது. ஒன்று பேட்டரியிலிருந்து வருவது, இன்னொன்று திருகாணிக்குப் போவது. போர்டின் மற்ற இடமெல்லாம் பச்சைப் பூச்சு மூடியிருந்தது. ரம்பம் போன இடத்தில் மட்டும் மூடவில்லை. என் போர்டு தன் ஓரத்தையே ஓடை என்று நினைத்துக் கத்தியிருக்கிறது. அக்கா இன்று கழுவாவிட்டாலும், நல்ல பனிமூட்டம் பத்து நாள் நின்றிருந்தால் அதுவே போதும்.

ஈப்போவில் போர்டுகளுக்குக் கடைசியில் வார்னிஷ் அடிப்பார்கள். எனக்குத் தெரியும். அந்த வாடை என் மேசை வரை வரும், தலைவலிக்கும். எதற்காக அடிக்கிறார்கள் என்று பதினொரு வருஷமும் நான் கேட்டதில்லை. அது பக்கத்து மேசைக்காரியின் வேலை. இங்கே பக்கத்து மேசை இல்லை. எனக்கு அப்புறம் யாரும் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

போர்டை எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தேன். பிறகு சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், அங்கே யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது.

"பொட்டு வெச்சது தப்புதான். ஆனா இது கத்தினதுக்கு அது மட்டும் காரணமில்ல. நான் வெட்டின எடத்த மூடல. தப்பு என்னோடது."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப என்னய எதுக்குடி அந்தக் கத்து கத்தின?"

"அதான் சொல்லிட்டேன்ல."

"அலாரம் அவளப் பாத்துத்தான் கத்தப் பழகியிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். மருமகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளிடம் திரும்பினேன்.

"கைப்பையில நகப்பூச்சு இருக்கா?"

இருந்தது. ரத்தச் சிவப்பு. போர்டை அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்து, வெட்டிய ஓரம் முழுக்க இரண்டு பூச்சு கொடுத்தேன். வயர்ப் பாலம் போட்ட இடத்துக்கும் பூசினேன். பெட்டியின் மூக்குக்குள் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, வயரை அதற்குள் விட்டு இறுக்கினேன். வெட்டிய வயரைத் திரும்ப இணைத்தேன். மூடியைப் போட்டதும் அக்கா மகன் ஹோஸை எடுத்தான். பெட்டியின்மேல் தண்ணீரைப் பீய்ச்சினான். மேலே, பக்கத்தில், கீழிருந்து மேலாக. கை வலிக்கிறவரை அடித்தான், அவன் அப்பாவின் அதே பிடிவாதம். பெட்டி வாயைத் திறக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. பிறகு கரைக்கு இறங்கி, வாளியில் ஓடைத் தண்ணீரை மொண்டு திருகாணியில் ஊற்றினான். அலறியது. துடைத்தான், நின்றது. மறுபடி ஊற்றினான்.

"போதும்டா, ஓட வத்திடும்" என்றாள் அக்கா.

அவன் வாளியை வைத்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போயிருந்த பையன்கள் மறுபடியும் ஓடி வந்து நின்றுகொண்டிருந்தார்கள். இவன் ஊற்றுகிற ஒவ்வொரு தடவைக்கும் வந்திருக்கிறார்கள்.

"இவனுங்க எப்பவும் இப்படி வருவானுங்களாம்மா?"

"கத்தினா வருவாங்க. கத்தலன்னா எனக்கு எப்படிடா தெரியும்?"

அவன் மனைவியைப் பார்த்தான். "தீபாவளி முடியட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றான். முடிவு செய்துவிட்டுப் பேசுகிறவன் முதல் தடவையாக முடிவு செய்யாமல் பேசினான். பையன்களுக்கும் சுண்டல் கொடுத்தோம். போகும்போது மருமகள் நகப்பூச்சுப் புட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

தீபாவளிக்கு முன் வாரம் பெரிய மழை. காலையில் நான் ஃபேக்டரிக்குக் கிளம்பும்போது போன் வந்தது. அக்காதான்.

"என்னடி, கொல்லையெல்லாம் தண்ணியா கெடக்கு. ராத்திரி மழையா?"

"ஆமா."

"எப்ப ஆரம்பிச்சுது?"

ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. ஒருமுறை ஓய்ந்தது, விடிகிற நேரத்தில் மறுபடி பிடித்தது. போர்டின் ஓரத்தில் ஒரு பூச்சு கூடவே அடித்திருக்கலாமோ என்று நான் ஒவ்வொரு சொட்டாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் தூங்கிட்டேன்" என்றேன்.

"நானுந்தான்டி!" என்றாள் அக்கா.